அனிமல் ஹவுஸில் (ஆய்வு எலிகளை வளர்க்கும் கூடத்தில்) எலிகளைப் பார்த்துக்கொண்ட அண்ணனுக்கும் கைகொடுத்த எல்லோருக்கும்

அந்த மழை வாரத்தில் மின்சாரம் இல்லாமல் நாங்கள் தவித்தது இதைப் படிக்கிற எல்லோருக்கும் தெரியும். முடக்கத்தான் இலைச் சாறு மூட்டுவாத வீக்கத்தைக் குறைக்கிறதா என்று எலிகளில் பார்க்கும் எங்கள் ஆய்வு நின்றுபோகவில்லை; கடைசி அளவீடும் நேற்று முடிந்தது. மனசு நிறைந்திருக்கும்போதே நன்றி சொல்லிவிடுகிறோம்.

எலிகளின் ரத்தத்திலிருந்து பிரித்த சீரம் இருந்த எங்கள் குப்பிகளுக்குத் தங்கள் ஃப்ரீசரில் இடம் கொடுத்தவர்கள், ஜெனரேட்டருக்கு டீசல் சுமந்துவந்தவர்கள், நிழலில் உலர்த்திய இலையை நனையாமல் மூட்டை கட்டிய விடுதிப் பிள்ளைகள், எல்லோருக்கும் கடன்பட்டிருக்கிறோம்.

அண்ணே, உங்களுக்குத் தனியாகச் சொல்ல வேண்டும்.

எலியின் பின்னங்கால் பாதத்தில் மூட்டுவாதத்தை வரவழைக்கும் ஊசிமருந்தான ஃபிராய்ண்ட் கம்ப்ளீட் அட்ஜுவன்ட் 0.1 மி.லி. போட்டால் அந்தப் பாதம் மறுநாளுக்குள் வீங்கிவிடும். சுமார் 10 நாள் கழித்து ஊசி போடாத காலும் வீங்கத் தொடங்கும். மூட்டுவாத மருந்துக்கு உண்மையான சோதனை அந்த இரண்டாம் வீக்கம்தான். ஆனால் அந்த நேரத்தில் எலியால் பின்னங்காலை ஊன்றி எழ முடியாது. கூண்டின் மேலிருக்கும் தீவனமும் தண்ணீர்க் குழாயும் எட்டாது. அப்புறம் எடை குறைந்தால், அது நோயாலா பசியாலா என்று பிரித்துச் சொல்ல முடியாது. பட்டினியில் மிரண்ட எலிக்குக் கார்டிகோஸ்டீரோன் என்ற மன அழுத்த ஹார்மோன் ஏறும்; அதுவே வீக்கத்தை வற்றவைக்கும். மருந்து கொடுக்காத எலிகளும் தேறியதுபோலத் தெரிந்தால், சாற்றின் பலனை எதோடு ஒப்பிடுவது?

யாரும் கேட்காமலே நீளக் குழாய் பாட்டில்களைத் தேடியெடுத்து மாட்டினீர்கள். தீவன வில்லைகளை ஊறவைத்துச் சின்னத் தட்டில் கூண்டின் தரையிலேயே வைத்தீர்கள். ஊறின தீவனம் சீக்கிரம் புளித்துவிடும், புளித்ததை எலி தொடாது. அதனால் மிச்சத்தைக் காலையில் எடுத்துக் கொட்டிப் புதிதாக வைத்தீர்கள். வீங்கிய பாதம் உறுத்தாமலிருக்க உமியைக் கனமாகப் பரப்பினீர்கள். இதையெல்லாம் சாறு கொடுத்த கூண்டு, ஒப்பிட டைக்ளோஃபெனாக் வலிமருந்து கொடுத்த கூண்டு, மருந்தில்லாமல் வெறும் சி.எம்.சி. கரைசல் கொடுத்த கூண்டு என்று பார்க்காமல் எல்லாவற்றுக்கும் ஒரே மாதிரி செய்தீர்களே, அதுதான் பெரிசு. ஒரு கூட்டத்துக்கு மட்டும் செய்திருந்தால் ஒப்பீடே கெட்டிருக்கும்.

பாதத்தை எதுவரை அமிழ்த்தி அளக்க வேண்டும் என்று காட்டும் கணுக்கால் கோடும் அப்படித்தான். எலி நக்கி நக்கி மார்க்கர் மை அழிந்துவிடும். பாதத்தைத் திரவத்தில் அமிழ்த்தி அதன் பருமனை அளக்கும் பிளெதிஸ்மோமீட்டரில் பாதம் கோட்டைத் தாண்டி ஒரு மில்லிமீட்டர் கூடுதலாக அமிழ்ந்தாலும் இல்லாத வீக்கம் அளவில் ஏறிவிடும். ஒவ்வொரு அளவீட்டுக்கும் முன்னால் அதே இடத்தில் திரும்ப வரைந்து வைத்தீர்கள்.

சாறு எவ்வளவு வேலை செய்தது என்பது சீரமும் மூட்டுத் திசு வெட்டுகளும் பார்த்தபிறகே தெரியும். எந்தப் பக்கம் வந்தாலும் அந்த எண்களை நம்பலாம். பெரும்பாலான கட்டுரைகள் எலி இனம், எடை, வெப்பநிலை என்று எழுதிவிட்டு, நொண்டும் எலி எப்படித் தின்றது என்பதை விட்டுவிடுகின்றன. எங்கள் கட்டுரையின் செய்முறைப் பகுதியில் குழாயின் நீளம், ஊறின தீவனம், உமியின் கனம் மூன்றும் இருக்கும். நன்றிப் பகுதியில் முதல் பெயர் உங்களுடையது, அண்ணே.