மாத்திரைக்காக மதுரைக்கு

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். பெரியவர்களுக்கும் ஏ.டி.எச்.டி. (கவனக்குறைவு, மிகைச் செயல்பாட்டுக் கோளாறு) உண்டு என்று தங்கள் நாளிதழின் மருத்துவப் பக்கத்தில் வந்த கட்டுரையைப் படித்தேன். நல்ல கட்டுரை. ஆனால் மருத்துவரை அணுகவும் என்று முடித்துவிட்டார்கள். அணுகிய பிறகுதான் கதையே ஆரம்பிக்கிறது.

நான் காரைக்குடியில் கடைகளுக்கு ஜி.எஸ்.டி. கணக்கு பார்க்கிறவள். வயது 42. மாதா மாதம் கணக்கு தாக்கல் செய்யக் கடைசி நாட்களான 11, 20 தேதிகள் நெருங்கினாலே வயிற்றைக் கலக்கும். வேலை தெரியாமல் இல்லை. உட்கார்ந்து தொடங்க முடியாது, தொடங்கினால் முடிக்க முடியாது. உள்ளூரில் முதலில் பார்த்த மருத்துவர், "அது சின்னப் பிள்ளைகளுக்கு வர்றதும்மா" என்று தூக்க மாத்திரை எழுதி அனுப்பிவிட்டார்.

மதுரையில் பார்த்த மனநல மருத்துவர் அவசரப்படவில்லை. 12 வயதுக்கு முன்பே அறிகுறிகள் இருந்தனவா என்று தெரிய வேண்டும், அம்மாவைக் கூட்டி வாருங்கள் என்றார். "சிலேட்டு, ஜாமெட்ரி பாக்ஸ், செருப்பு... எதைக் கொடுத்தாலும் தொலைச்சிட்டு வருவா சார்" என்று அம்மா முப்பது வருடப் புகாரையும் அங்கே இறக்கி வைத்தார். தைராய்டு, ரத்த அழுத்தம், நாடித்துடிப்பு எல்லாம் பார்த்த பிறகுதான் மருந்து.

முதலில் அட்டோமாக்ஸெடின். அது வேலை செய்யத் தொடங்கவே சில வாரங்கள் ஆகும். எனக்குக் குமட்டலும் வாய் வறட்சியும்தான் மிச்சம். அப்புறம் மெத்தில்பெனிடேட். இது ஒரு மணி நேரத்துக்குள் தெரிந்துவிடும். சாதாரண மாத்திரை நாலு மணி நேரம் போலத் தாங்கும். மளிகைக் கடைக்காரர் ஒருவர் மஞ்சப்பையில் திணித்துக் கொடுத்த கொள்முதல் பில்களைத் தேதிவாரியாக அடுக்கி, விற்றவர்கள் தாக்கல் செய்ததைக் காட்டும் ஜி.எஸ்.டி. 2பி பட்டியலோடு ஒத்துப் பார்த்து, எழுந்திருக்காமல் முடித்தேன். பசி மட்டும் செத்துவிடுகிறது, மதியச் சோறு நாலு மணிக்குத்தான். மாத்திரையோடு, வேலையைச் சிறு சிறு துண்டாக்கி எழுதிவைக்கப் பழக்கும் உளவியல் ஆலோசனையும் எடுக்கிறேன். அதுவும் இல்லாவிட்டால் பில்களை விட்டுவிட்டு அலமாரியைத்தான் ஒழுங்குபடுத்திக்கொண்டிருப்பேன்.

சிக்கல் மருந்துக் கடையில். மெத்தில்பெனிடேட், மருந்து விதிகளில் கடும் கட்டுப்பாடுள்ள 'எக்ஸ்' அட்டவணை மருந்து. விற்கத் தனி உரிமம் வேண்டும், பூட்டி வைக்க வேண்டும், மருந்துச் சீட்டின் ஒரு பிரதியைக் கடைக்காரர் இரண்டு வருடம் பாதுகாக்க வேண்டும். தவறான கைக்குப் போகக் கூடாதென்று போட்ட விதி, அதில் எனக்குக் குறை இல்லை. ஆனால் இத்தனை தொல்லை எதற்கு என்று சிறிய ஊர்க் கடைகள் அதை வாங்கி வைப்பதே இல்லை. இங்கே ஒரு கடையில் சீட்டை நீட்டியதும், "இது யாருக்கும்மா, பையனுக்கா?" என்றார்கள். எனக்குத்தான் என்றதும் மேலும் கீழும் பார்த்துவிட்டு இல்லை என்றார்கள். மறதிக்காரியிடம், தீர்வதற்கு முன்பே ஞாபகமாக மதுரைக்கு பஸ் ஏறச் சொல்கிறது இந்த ஏற்பாடு!

அரசின் மனநலத் தொலைபேசி சேவையான டெலி மானஸ் 14416 எண்ணில் தமிழிலேயே பேசலாம், உண்மைதான். மாத்திரை அங்கே கிடைக்காதே. மாவட்ட மனநலத் திட்டம் எல்லா மாவட்டங்களிலும் இருக்கிறது. மாவட்டத் தலைமை மருத்துவமனைகளின் மனநலப் பிரிவில் வாரம் ஒரு நாளாவது பெரியவர்களை இதற்காகப் பார்க்கட்டும். அதே வளாகத்து மருந்தகத்தில், பூட்டும் பதிவேடும் அப்படியே இருக்க, இந்த மாத்திரையும் கிடைக்கச் சுகாதாரத் துறை ஏற்பாடு செய்ய வேண்டும். வாடிக்கையாளர்கள் மிரண்டுவிடுவார்கள், பெயரை வெளியிட வேண்டாம்.

இப்படிக்கு,
வாசகி, காரைக்குடி