அரையாண்டு விடுமுறைக்கு முன் பெற்றோர்களுக்கு

மதிப்பிற்குரிய பெற்றோர்களுக்கு, வணக்கம்.

அரையாண்டுத் தேர்வு நல்லபடியாக முடிந்தது. விடைத்தாள் திருத்தும் பணி நடக்கிறது. பள்ளி திறந்த முதல் வாரத்தில் மதிப்பெண் விவரம் உங்கள் கைக்கு வரும். கலைத் திருவிழாவில் நம் பிள்ளைகள் மாவட்ட அளவு வரை சென்று பரிசு பெற்றார்கள். குறுவட்டப் போட்டிகளில் பெண்கள் கபடி அணியும் ஆண்கள் கையுந்துபந்து அணியும் வென்றன. பிளஸ் 2 மாணவர்களுக்கு ‘நான் முதல்வன்’ உயர்கல்வி வழிகாட்டல் தொடர்ந்து நடக்கிறது. பிளஸ் 1 மாணவர்களுக்கு அரசின் விலையில்லா மிதிவண்டிகள் வழங்கப்பட்டுவிட்டன. உழைத்த ஆசிரியர்களுக்கும் ஒத்துழைத்த உங்களுக்கும் நன்றி.

இனி, முக்கியமான விஷயத்துக்கு வருகிறேன்: உரிமம் இல்லாத பிள்ளைகள் இருசக்கர வண்டி ஓட்டிக்கொண்டு பள்ளிக்கு வருவது.

நம் பள்ளிக்கு இந்த ஊர்ப் பிள்ளைகள் மட்டும் வருவதில்லை. தொழிற்கல்விப் பிரிவுக்காகவும் விளையாட்டுப் பயிற்சிக்காகவும் மண்ணிவாக்கம், ஊரப்பாக்கம், கொளப்பாக்கம், கண்டிகை, மாம்பாக்கம் என்று சுற்று வட்டாரம் முழுவதிலிருந்தும் வருகிறார்கள். விடியற்காலையில் பயிற்சி, மாலையில் சிறப்பு வகுப்பு. பேருந்து நேரத்துக்கு வராத நாளும் உண்டு. இந்தச் சிரமமெல்லாம் எனக்குத் தெரியாதது அல்ல. ஆனால் அதற்கு விடையாகப் பல வீடுகளில் பிள்ளையின் கையில் வண்டிச் சாவியைக் கொடுத்துவிடுகிறீர்கள்.

வளாகத்துக்குள் வண்டிக்கு அனுமதி இல்லை. அதனால் பின்தெருச் சந்தில் நிறுத்திவிட்டு, கலைந்த தலையைக் கையால் கோதிக்கொண்டு, பேருந்தில் வந்து இறங்கியவர்கள் போல வாசலுக்குள் நுழைகிறார்கள். சென்ற மாதம் உடற்கல்வி ஆசிரியரோடு அந்தச் சந்துக்குப் போய்ப் பார்த்தேன். சுவரை ஒட்டி வரிசையாக வண்டிகள். ஒன்றின் முன்பக்கம் ‘அம்மாவின் ஆசி’ என்று ஒட்டியிருந்தது. இன்னொன்றின் கொக்கியில் அப்பாவின் சாப்பாட்டுப் பை அப்படியே தொங்கியது. ஹெல்மெட் ஒரு வண்டியிலும் இல்லை.

அடுத்த வாரமே அது நடந்தது. பயிற்சி முடிந்து ஒரே வண்டியில் மூன்று பேராகத் திரும்பிய நம் மாணவர்கள், வண்டலூர்–கேளம்பாக்கம் சாலையில் தண்ணீர் லாரிக்கு வழிவிட ஒதுங்கி, ஓரத்தில் சிந்திக் கிடந்த எம்-சாண்டில் சறுக்கி விழுந்தார்கள். பின்னால் வந்த வேன் ஓட்டுநர் சட்டென்று பிரேக் அடித்ததால்தான் மூவரும் பிழைத்தார்கள். ஓட்டிய மாணவனுக்குக் கணுக்காலில் எலும்பு முறிவு. அடுத்த கட்டப் போட்டிக்கு அணியில் அவன் இல்லை. ஆஸ்பத்திரியில் அவன் அம்மா என்னிடம், “பஸ்ஸு போயிடுச்சுன்னு சொன்னான் சார், நான்தான் சாவிய எடுத்துக் குடுத்தேன்” என்று அழுதார். அவரைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை. அதே காலை எத்தனை வீடுகளில் அதே சாவி கைமாறியிருக்கும் என்பதுதான் என் கவலை.

பெற்றோர் கூட்டத்தில் “பக்கத்துலதானே சார்”, “பையன் நல்லா ஓட்டுவான் சார்” என்கிறீர்கள். நன்றாக ஓட்டுவது வேறு, உரிமம் வேறு. பதினாறு வயதில் ஓட்டலாம் என்று சட்டம் சொல்வது 50 சி.சி.க்கு மேற்படாத வண்டியை. அதற்கும் உரிமம் வேண்டும். உங்கள் வீட்டில் நிற்பது 110 அல்லது 125 சி.சி. வண்டி; அதற்குப் பதினெட்டு வயது நிரம்பியிருக்க வேண்டும். “இது கரண்ட் வண்டி, லைசென்ஸ் வேண்டாம்” என்பதும் சரியல்ல. 250 வாட் திறனுக்கும் மணிக்கு 25 கிலோமீட்டர் வேகத்துக்கும் உட்பட்ட சிறிய வண்டிகளுக்குத்தான் அந்த விலக்கு.

2019-இல் மோட்டார் வாகனச் சட்டத்தில் சேர்க்கப்பட்ட 199ஏ பிரிவைத் தயவுசெய்து கவனியுங்கள். சிறுவர் வண்டி ஓட்டிக் குற்றம் நேர்ந்தால் பெற்றோர் அல்லது வண்டி உரிமையாளர் குற்றவாளியாகக் கருதப்படுவார். மூன்றாண்டு வரை சிறை, 25,000 ரூபாய் அபராதம். வண்டியின் பதிவு 12 மாதங்களுக்கு ரத்தாகும். ஓட்டிய பிள்ளைக்கு 25 வயது வரை உரிமமே கிடைக்காது. நம் பள்ளியில் அடிப்படை தானியங்கி ஊர்திப் பொறியியல் படிக்கும் பிள்ளைகளை நினைத்துப் பாருங்கள். எஞ்சினைப் பிரித்து மாட்டத் தெரிந்த பையன், பழுது பார்த்த வண்டியைத் தெருமுனை வரை ஓட்டிப் பார்க்க முடியாமல் எந்தப் பட்டறையில் வேலை கேட்பான்?

ஆகவே பள்ளி திறக்கும் நாள் முதல் இதில் விட்டுக்கொடுக்கும் பேச்சே இல்லை. வண்டியில் வரும் மாணவரின் சாவியை உடற்கல்வி ஆசிரியர் வாங்கி அலுவலகத்தில் ஒப்படைப்பார். பெற்றோர் நேரில் வந்து எழுதிக் கொடுத்த பிறகே சாவி திரும்பக் கிடைக்கும். அதுவும் பிள்ளையின் கையில் தரமாட்டோம். இரண்டாம் முறை பிடிபட்டால் காவல் நிலையத்துக்குத் தகவல் போகும். அணியில் இருப்பவர் என்றால், எவ்வளவு திறமைசாலியாக இருந்தாலும், அந்த ஆண்டுப் போட்டிப் பட்டியலில் அவர் பெயர் இருக்காது. பின்தெருவில் நிறுத்தினாலும் இதே நடவடிக்கைதான். சிபாரிசுக்கு யாரையும் அழைத்து வர வேண்டாம்.

உங்கள் சிரமத்தைக் குறைக்க எங்களால் ஆனதையும் செய்கிறோம். காலைப் பயிற்சி இனி முதல் பேருந்து வந்து சேர்ந்த பிறகே தொடங்கும். கண்டிகை, மாம்பாக்கம் பக்கத்துப் பிள்ளைகளுக்கு மாலைச் சிறப்பு வகுப்பு அரை மணி நேரம் முன்னதாக முடியும். விடுபடும் பாடத்தை மதிய இடைவேளையில் நடத்த ஆசிரியர்கள் தாங்களாகவே முன்வந்தார்கள். மாலையில் கூடுதல் பேருந்து கேட்டுப் பள்ளி மேலாண்மைக் குழுவின் தீர்மானத்தைப் பணிமனைக்கு அனுப்பியிருக்கிறோம். இலவசப் பேருந்து அட்டை இன்னும் வாங்காதவர்கள் வகுப்பாசிரியரிடம் சொல்லுங்கள். வீட்டில் காற்று இறங்கிக் கிடக்கும் அந்த மிதிவண்டிக்கு இந்த விடுமுறையில் ஒருமுறை பஞ்சர் பார்த்து, செயினுக்கு எண்ணெய் விட்டு வையுங்கள். ஐந்து கிலோமீட்டருக்குள் இருப்பவர்களுக்கு அது போதும்.

இவ்வளவு கண்டிப்பாக எழுதியது யார் மனதையும் நோகடிக்க அல்ல. சொந்த வேலையை விட்டுவிட்டு மைதானத்து முள்செடியை வெட்டிக் கொடுத்தவர்கள் நீங்கள். போட்டி நாட்களில் பிள்ளைகளுக்குப் புளிசாதம் கட்டி அனுப்பியவர்கள். விபத்தன்று நான் போய்ச் சேரும் முன்பே ஆஸ்பத்திரியில் நின்ற பெற்றோரும் உங்களில் இருக்கிறீர்கள். அந்த அக்கறையை நம்பித்தான் உரிமையோடு கேட்கிறேன். வேறு வழியே இல்லாத வீடு என்றால் தயங்காமல் என்னை வந்து பாருங்கள். அந்தப் பக்கம் போகும் பெற்றோரோடு சேர்த்துவிட முடியுமா என்று பார்ப்போம்.

இத்துடன் உள்ள ஒப்புதல் சீட்டில் கையெழுத்திட்டு, பள்ளி திறக்கும் நாளில் கொடுத்தனுப்புங்கள். அனைவருக்கும் கிறிஸ்துமஸ், புத்தாண்டு, பொங்கல் வாழ்த்துகள்.

நன்றியுடன்,
தலைமையாசிரியர்