கொப்பரையடியிலிருந்து அப்பாவுக்கு

பாம்பெர்க், ஜெர்மனி,
பட்டிப் பொங்கல் நாள்.

அன்புள்ள அப்பாவுக்கு,

நான் நல்லா இருக்கறனுங்க. நீங்க, அம்மா, அமுச்சி, பிரியா எல்லாரும் சௌக்கியம்னு நம்பறேன். உங்க கடுதாசி மார்கழியிலயே வந்துருச்சு. கொள்ளுப்பொடிக்கு அடியில மடிச்சு வெச்சிருந்தீங்க. மூணு மாசமா ஒரு வரி எழுதாம இருந்ததுக்கு மன்னிச்சுக்கோணும். போன்ல அம்மா சாப்டியான்னு கேக்கறதுலயே நேரம் போயிருது, நீங்க போனைக் கையில வாங்கறதே இல்ல.

பிரியாவைப் பார்த்துட்டுப் போன பெருந்துறைக்காரங்க "பையன் அங்க என்ன பண்றான்"னு கேட்டதுக்கு, ஏதோ புட் கம்பெனின்னு சொல்லிச் சமாளிச்சதா எழுதியிருந்தீங்க. "சாராயம் காய்ச்சறான்னு நான் எப்பிடிறா சொல்றது"ங்கற வரியை நாலஞ்சு தடவை படிச்சேன். பதில் நீளமாப் போகும். பொழுதோட திண்ணையில உக்காந்து நிதானமாப் படிங்க.

சாராயம்னா புளிச்சதை அடுப்புல ஏத்தி ஆவியைப் புடிச்சு வடிக்கறது. நான் காய்ச்சறது பீருங்க, அதுல வடிக்கற வேலையே கிடையாது. முதல்ல காய்ச்சறோம், ஆற வெச்சு அப்புறம் புளிக்க விடறோம். நூத்துக்கு அஞ்சு பங்குதான் ஆல்கஹால். நீங்க கவுந்தப்பாடிச் சந்தைக்குச் சக்கரை காய்ச்சின கொப்பரையும் நான் நிக்கற கொப்பரையும் பாதி வழி வரைக்கும் ஒண்ணுதானுங்கப்பா. கரும்புச் சாறுக்குப் பதிலா பார்லிச் சாறு, அவ்வளவுதான்.

பார்லியில கரும்பு மாதிரி சக்கரை கிடையாது, மாவுதான் இருக்குது. அதைச் சக்கரையா மாத்தறதுக்கு அம்மா ராகி முளைகட்டற வேலையைத்தான் இங்கயும் செய்யறாங்க. ரெண்டு நாள் ஊறவெச்சு நடுநடுவுல தண்ணியை வடிச்சுக் காத்து காட்டறாங்க. அப்புறம் அஞ்சு நாளைக்கு 15 டிகிரி குளிர்ல பரப்பிக் கிளறி விடறாங்க. தோலுக்குள்ள முளை, மணி நீளத்துல முக்கால் வந்ததும் நிறுத்தோணும். விட்டா அது செடியாகறதுக்குச் சக்கரையைத் தின்னுரும். நிறுத்தறதுக்குத்தான் சூட்டுல காயவெக்கறது, அப்பிடி முளைகட்டிக் காஞ்சதுதான் மால்ட். 80 டிகிரி சூட்டுல முடிச்சா வெளுத்த மால்ட், 100 டிகிரிக்கு மேல போனா தேன் கலர், 200 தாண்டி வறுத்தா காப்பிக்கொட்டை மாதிரி கருப்பு. அந்தக் கருப்பு ஸ்டவுட்ங்கற கருப்பு பீருக்கு.

அந்தக் காலத்துல விறகுப் புகையிலதான் காயவெப்பாங்க, அதனால பல ஊர் பீர்ல புகை வாசம் இருந்துச்சு. சுத்தமான சூட்டு அடுப்பு வந்ததும் எல்லாரும் விட்டுட்டாங்க. இந்த ஊர்ல ஷ்லெங்கர்லா, ஸ்பெட்சியல்னு ரெண்டு பழைய பீர்க் கூடங்க மட்டும் இன்னமும் பீச் மரத்து விறகை எரிச்சு அதுல காயவெக்கறாங்க. முதல் வாய்க்குப் புடிக்காது. மூணாவது வாயில நம்ம கொப்பரையடியில நிக்கற மாதிரியே இருக்குதுங்க.

எங்க கூடம் சின்னது, ஒரு தடவைக்கு 1,000 லிட்டர். அதுக்கு மால்ட் 180 கிலோ, கசப்புக்குப் போடற ஹாப்ஸ் 2 கிலோ. மால்ட்டை மாவா அரைக்கக்கூடாது, நொய்யா உடைக்கோணும். ஏன்னா அந்த உமிதான் பின்னால வடிகட்டி. நைசா அரைச்சுட்டா அடியில களி மாதிரி அப்பிக்கிட்டு ஒரு சொட்டு இறங்காது, அன்னைக்கு வேலை ராத்திரி வரைக்கும் இழுத்துரும். உடைச்சதைத் தண்ணியில கலக்கி 63 டிகிரியில 40 நிமிசம், 72-ல அரை மணி நேரம் வெக்கறோம். 63-ல உண்டாகற சக்கரையைப் பின்னால புளிக்கவெக்கற ஈஸ்ட் முழுசாத் தின்னுரும், பீர் மெல்லிசா வரும். 72-ல உண்டாகறதுல ஒரு பங்கை அதால தின்ன முடியாது, அது பீருக்கு உடம்பாத் தங்கும். எந்தச் சூட்டுல எத்தனை நேரம் நிறுத்தறோம்ங்கறதுலதான் காய்ச்சறவன் கைப்பக்குவம். ஒரு துளி எடுத்து அயோடின் விட்டுப் பார்ப்போம். கருநீலமானா மாவு இன்னும் மிச்சம் இருக்குதுன்னு அர்த்தம். நீங்க பாகைத் தண்ணியில விட்டு உருட்டிப் பதம் பார்ப்பீங்களே, அதே மாதிரி. உமியை அலசற தண்ணி 78 டிகிரிக்கு மேல போயிரக்கூடாது, போச்சுன்னா உமியோட துவர்ப்பு இறங்கிரும்.

அப்புறம் ஒரு மணி நேரம் தளதளன்னு கொதிக்கோணும், மூடி போடாம. மூடினா வேகவெச்ச மக்காச்சோள வாசம் ஆவியில போகாம உள்ளயே தங்கிரும். முதல் பத்து நிமிசத்துல நுரை சரசரன்னு ஏறும். தண்ணிக் குழாயைக் கையிலயே புடிச்சுட்டு நிக்கோணும். சக்கரை காய்ச்சறப்ப நீங்க வெண்டைச் சாறு விட்டு அழுக்கு எடுப்பீங்க. இங்கிலாந்துல ஒரு கடல்பாசி போடறாங்க. இங்க ரெண்டும் இல்ல, கொதிக்கற வேகத்துலயே அழுக்கு திரண்டு அடங்குது. ஹாப்ஸ்ங்கறது ஒரு கொடியில காய்க்கற பச்சைக் கூம்புங்க. கொதி ஆரம்பத்துல போட்டா கசப்பு, கடைசியில போட்டா வாசம். கசப்பு வெறும் ருசிக்கில்ல, பாலைப் புளிக்கவெக்கற மாதிரிக் கிருமிகளை அண்டவிடாது.

நேத்து பொங்கலன்னைக்கும் காய்ச்சற முறை எனக்குத்தான் வந்துச்சு. நுரை விளிம்புக்கு ஏறி வந்தப்ப தண்ணி அடிச்சு அடக்கினேன். அந்நேரம் நம்ம வாசல்ல பானை பொங்கியிருக்கும். பொங்கலோ பொங்கல்னு வாய் வரைக்கும் வந்துச்சுங்கப்பா. இங்க யாருக்குச் சொல்றது? காப்பு கட்டறப்ப இந்த வருசம் பூளைப்பூ யார் பொறிச்சுட்டு வந்தா?

சரி, விட்டதுல இருந்து சொல்றேன். கொதிச்சதை 9 டிகிரிக்கு ஆற வெச்சு ஈஸ்ட் விடறோம். ஒரு வாரத்துல சக்கரை முக்கால்வாசிக்கு மேல தீர்ந்துரும். கடைசி ரெண்டு நாள் 14 டிகிரிக்கு ஏத்தோணும். இல்லாட்டி வெண்ணெய் வாசம் தங்கிரும், அது பீர்ல குத்தம். அப்புறம் ரெண்டு டிகிரிக்குள்ள ஒண்ணரை மாசம் தூங்க விடறோம். இப்பிடிக் குளிர்ல தூங்கவெச்ச பீருக்குத்தான் லாகர்னு பேரு, ஜெர்மன் மொழியில கிடங்குன்னு அர்த்தம். அந்தக் காலத்துல பனிக்கட்டியை வெட்டி மலைக்கடியில குடைஞ்ச நிலவறையில அடுக்கி, மேல நிழலுக்குச் செஸ்ட்நட் மரம் நட்டாங்க. அந்த நிழல்ல பெஞ்சு போட்டு உக்காந்ததுதான் இவங்க பீர்த் தோட்டம். வெயில் காலத்துல காய்ச்சினா கெட்டுப்போகுதுன்னு 1553-ல பவேரியாவை ஆண்ட பிரபு உத்தரவே போட்டுட்டார், ஏப்ரல் கடைசியில இருந்து செப்டம்பர் கடைசி வரைக்கும் யாரும் காய்ச்சக்கூடாதுன்னு. 1870-கள்ல லிண்டெங்கறவர் குளிரூட்டற மிசின் செஞ்சதும் அந்தக் கவலை தீர்ந்துச்சு. அதை முதல்ல வாங்கினவங்கள்ல ஒருத்தர் மியூனிக் பீர்க்காரர். நம்ம ஊட்டு பிரிட்ஜுக்கு அது பாட்டன்.

1516-ல பவேரியாவை ஆண்ட பிரபுக்கள் பார்லி, ஹாப்ஸ், தண்ணி தவிர வேற எதுவும் போடக்கூடாதுன்னு சட்டம் போட்டாங்க. அதுல ஈஸ்ட் பேரே இல்ல, அது என்னன்னு அப்ப யாருக்கும் தெரியாது. கலயத்துல சுண்ணாம்பு தடவினா தெளுவு, தடவாட்டி கள்ளுன்னு நம்ம ஏறற ஆளுக்குத் தெரியுமில்லீங்களா, அந்த அளவுக்குத்தான் இவங்களுக்கும் தெரிஞ்சிருந்துச்சு. புளிக்க வெக்கறது ஒரு உசுருன்னு பிரெஞ்சு விஞ்ஞானி பாஸ்டர், பீரைப் பத்தின புத்தகத்துல எழுதினது 1876-ல. கோபன்ஹேகன்ல ஹான்சன் ஒத்தை ஈஸ்ட்டைப் பிரிச்சு வளர்த்தது 1883-ல. அதுக்கப்புறம்தான் ஒவ்வொரு தடவையும் ஒரே ருசி வந்துச்சு. ஈஸ்ட் மாறினா எல்லாமே மாறிருங்க. பாதிக்கு மேல கோதுமை போடற வைஸ்பீர்ல கதலிப்பழ வாசமும் கிராம்பு வாசமும் வரும். பழமும் போடறதில்ல, கிராம்பும் போடறதில்ல. அத்தனையும் ஈஸ்ட் வேலை. 20 டிகிரிக்கு மேல புளிக்க விட்டா பழ வாசம் தூக்கும்.

தண்ணியும் அப்படித்தான். நம்ம போர்த் தண்ணியில பருப்பு வேகாது, வாய்க்கால் தண்ணியில வெந்துரும் பாருங்க. செக் நாட்டுப் பில்சன்ல தண்ணி சிறுவாணி மாதிரி மெல்லிசு. அதுலதான் 1842-ல ஜோசப் குரோல் பொன் நிறத்துல ஒரு லாகர் காய்ச்சினார். இன்னைக்கு உலகம் பூராக் குடிக்கற மஞ்சள் பீருக்கெல்லாம் அதுதான் மூலம். இங்கிலாந்து பர்ட்டன்ல தண்ணியில ஜிப்சம் அதிகம், கசப்பு பளிச்சுனு எடுத்துக் குடுக்கும், அதனால அங்க ஐபிஏங்கற கசப்பு பீர் நல்லா வந்துச்சு. மியூனிக்ல சுண்ணாம்புத் தண்ணி. கருத்த மால்ட்டோட புளிப்பு அதைச் சரிக்கட்டும், அதனால அங்க கருப்பு பீர்.

சின்னக் கூடங்கள்ல கைப்பக்குவத்துல காய்ச்சறதைக் கிராப்ட் பீர்னு ஏன் தனியா சொல்றாங்கன்னு கேப்பீங்க. வெள்ளைச் சக்கரை வந்ததும் நம்ம பக்கத்துல ஆலைக் கொட்டாய் ஒவ்வொண்ணா மூடினாங்களே, அமெரிக்காவுலயும் அதான் நடந்துச்சு. 1920-ல இருந்து 1933 வரைக்கும் மதுவிலக்கு, அப்புறம் பெரிய கம்பெனிங்க எல்லாத்தையும் முழுங்கி ஒரே மாதிரி வெளிறின பீராப் போட்டாங்க. 1965-ல பிரிட்ஸ் மேடேக்னு ஒருத்தர் சான்பிரான்சிஸ்கோவுல மூடற நிலைமையில இருந்த ஆங்கர் கூடத்தை வாங்கி நிமித்தினார். 1976-ல ஜாக் மெக்காலிப்ங்கறவர் பழைய பால்பண்ணைச் சாமான்களை வெச்சே நியூ ஆல்பியன்னு ஆரம்பிச்சார். ஆறு வருசத்துல மூடிட்டார், ஆனா அதைப் பார்த்துப் பல பேர் கிளம்பிட்டாங்க. 1978-ல கார்ட்டர் கையெழுத்துப் போட்ட சட்டத்தால ஊட்டுலயே காய்ச்சறதுக்கு வழி பொறந்துச்சு. இந்தச் சின்னக் கூடத்துக்காரங்க ஆரஞ்சுத் தோல் வாசம் வர்ற கேஸ்கேட் ஹாப்ஸை அள்ளிப் போட்டாங்க. நாட்டுச் சக்கரைக்கு இப்ப மறுபடியும் மதிப்பு வந்திருக்குதே, அந்த மாதிரிதானுங்க.

நாள்ல பாதி கழுவற வேலைதான். தொட்டியை 80 டிகிரி காஸ்டிக் சோடாத் தண்ணியில கழுவோணும். உள்ள இருக்கற கரியமில வாயுவை முதல்ல வெளிய விடாட்டி காஸ்டிக் அதைக் குடிச்சுரும், உள்ள வெற்றிடமாகி இரும்புத் தொட்டியே தகர டப்பா மாதிரி நசுங்கிரும். தலையை உள்ள விட்டுப் பார்க்கவும் கூடாது. பாழுங்கிணத்துல இறங்கற ஆபத்துதான் அதுலயும். நான் ஜாக்கிரதையா இருக்கறேன், அம்மாகிட்ட இதைப் படிச்சுக் காட்ட வேண்டாம். காய்ச்சி முடிஞ்சா ஈரச் சக்கை 200 கிலோவுக்கு மேல மிஞ்சும். பக்கத்து ஊர்ப் பண்ணைக்காரர் மாட்டுக்கு ஏத்திட்டுப் போறார். சூடா, இனிப்பு வாசத்தோட இருக்கும். நம்ம செவலைக்குப் போட்டா விடவே விடாது.

நான் குடிக்கறனான்னு நீங்க கேக்கல. நானே சொல்லிர்றேன். கையளவுக் கிளாஸ்ல ருசி பார்க்கறது வேலை, அது இல்லாம பக்குவம் சொல்ல முடியாது. இங்க பெரியவங்க அரை லிட்டரை ஒரு மணி நேரம் வெச்சுக் குடிக்கறாங்க, ஊட்டுச் சோத்தைப் பொட்டலம் கட்டிட்டு வந்து பீர்த் தோட்டத்துல குடும்பத்தோட சாப்புடறாங்க. ரொம்பச் சில்லுனு குடிச்சா ருசியே தெரியாது, 8 டிகிரி போதும். மூணு விரல் நுரை நிக்கோணும், வாசம் அதுலதான் இருக்குது. வெயில் பட்ட பச்சைப் பாட்டில் நாறும்.

மேல் ஊட்டுப் பெரியவர் மால்ட் கூடத்துல வேலை பார்த்து ஓய்வானவர். படியில என் கோட்டை மோந்து பார்த்தே அன்னைக்கு எந்த மால்ட்டுன்னு சொல்லிருவார், ஒரு நாளும் தப்பினதில்ல. பெருங்காயம் தாளிச்ச அன்னைக்குக் கதவைத் தட்டிட்டார். கொஞ்சம் கொள்ளு ரசம் குடுத்தேன், இப்ப கிழமைக்கு ஒரு தடவை கிண்ணத்தோட வந்து நிக்கறார். குளிர் மைனஸ் ஏழு. போன வருசத்துக் கோட்டே நல்லாத்தான் இருக்குது. காலிப் பாட்டிலைத் திருப்பிக் குடுத்தா ஒண்ணுக்கு எட்டு சென்ட் கிடைக்குது, கிழவர் பாட்டிலையும் நானே கொண்டுபோய்ப் போடறேன். பேங்க்ல ஏதோ தாமதம், அதனால இந்த மாசப் பணம் மாசி பொறந்ததும் சேர்த்து வரும். மோட்டார் காயில் கட்டறதை அது வரைக்கும் தள்ளிப் போட முடியுமான்னு பாருங்க.

பெருந்துறைக்காரங்க அடுத்த தடவை வர்றப்ப உள்ளதைச் சொல்லிருங்கப்பா. பார்லி முளைகட்டறதும் பீர் காய்ச்சறதும் மூணு வருசப் படிப்பு, அரசாங்கம் அங்கீகரிச்ச பரிச்சை இருக்குது, ரெண்டு வருசம் முடிச்சுட்டான்னு சொல்லுங்க. மறைச்சுக் குடுத்துட்டுப் பின்னால பிரியா அந்த ஊட்டுல தலைகுனியக்கூடாது. அவளையும் ஒரு வார்த்தை கேளுங்க, அவ எனக்கு இதைப் பத்தி ஒண்ணுமே எழுதல. சீருக்குன்னு மேகாட்டுப் பத்திரத்தை அடமானம் வெக்கலாம்னு கவுந்தப்பாடி மாமா சொன்னாராம். வேண்டாமுங்க. பெரியப்பாகூட வரப்புத் தகராறு தீராம அந்தப் பத்திரம் வெளிய போகவே கூடாது. சர்வேயரை மாசியிலயே வரச்சொல்லி மனு குடுத்துருங்க, வடக்குப் பக்கத்துக் கல்லு புங்கமரத்தடியில மண்ணு மூடிக் கிடக்குது, அப்புச்சிக்குத்தான் சரியான இடம் தெரியும். அவருக்குக் கண் ஆபரேசன் பண்றதுக்கு முன்னால ஒரு தடவை வண்டியில கூட்டிட்டுப் போய்க் காட்டச் சொல்லிருங்க.

இப்படிக்கு
உங்க மகன்.