பாப்பாவின் கர்சிவ் நோட்டு: தம்பிக்கு ஒரு கடிதம்

அன்புள்ள தம்பி,

ஞாயிற்றுக்கிழமை ராத்திரி போனில் நீ கத்தியதும் கேட்டது, பின்னால் பாப்பா அழுததும் கேட்டது. இரண்டாம் வகுப்புப் பிள்ளைக்கு ஆங்கில எழுத்து இருபத்தாறும் ஒரே ராத்திரியில் கர்சிவில், அதாவது ஒன்றோடொன்று சேர்த்து, எழுத வராது. போனில் சொன்னால் குறுக்கே பேசுவாய், அதனால் எழுதுகிறேன். இதே பாடுபடும் மற்றவர்களும் படிக்கட்டும் என்றுதான் இங்கே போடுகிறேன்.

நானும் பெரியவனிடம் இதே தப்பைச் செய்தேன். புள்ளி வைத்த காப்பி புத்தகம் மூன்று வாங்கினேன். புள்ளிமேல் முத்து முத்தாக எழுதினான். வெறும் நாலு கோடு நோட்டைக் கொடுத்ததும் கை நின்றுவிட்டது. அதுவரை அவன் எழுதவே இல்லை, புள்ளிக்குப் புள்ளி படம் வரைந்திருக்கிறான்.

முதலில் ஏ, பி, சி, டி வரிசையை விடு. அது அகராதிக்கு ஆன வரிசை, கைக்கு ஆனதல்ல. கை ஒரே மாதிரி போகிற எழுத்துகளைக் கூட்டமாக எடு. ஈ, எல் இரண்டும் ஒரே சுழிதான், ஒன்று குட்டி, ஒன்று நெட்டை. நோட்டுகூட வேண்டாம், தட்டில் ரவையைப் பரப்பி, ஈ எல் ஈ எல் என்று விரலை எடுக்காமல் ஓட்டச் சொல். அது வந்துவிட்டால் ஹெச், கே எல்லாம் பாதி வந்த மாதிரி. அப்புறம் சி, ஏ, ஜி, ஓ ஒரு கூட்டம். என், எம் ஒரு கூட்டம். எஃப் மட்டும் மேலேயும் போய்க் கீழேயும் இறங்கும், அதைக் கடைசியில் வைத்துக்கொள்.

பாப்பா பி-யையும் டி-யையும் மாற்றிப் போடுகிறாள் என்றாயே. (பேட்-பி, டாக்-டி என்று படித்துக்கொள்.) பிரித்து எழுதும்போது அவை கண்ணாடியில் பார்த்த மாதிரி இருப்பதால்தான் அந்தக் குழப்பம். கர்சிவில் பி நெட்டைச் சுழியில் தொடங்கும், டி ஏ-யைப் போலத் தொடங்கும். கை கிளம்பும் விதமே வேறு. ஆக, நீ பயப்படுகிற கர்சிவ்தான் அவளுக்கு உதவப் போகிறது.

உண்மையில் கஷ்டம் எழுத்தில் இல்லை, இணைப்பில். பெரும்பாலான எழுத்துகள் அடிக்கோட்டில் முடிந்து அடுத்ததைத் தொடும். பேட்-பி, ஓ, வி, டபிள்யூ நான்கும் கீழே இறங்காமல் மேலிருந்தே கை நீட்டும். பிரவுன் என்ற ஒரு சொல்லிலேயே அப்படி மூன்று இணைப்பு இருக்கிறது. அதைத் தனியாகப் பழக்கு. ஐ-க்குப் புள்ளியும் ட்ரீ-டிக்குக் குறுக்குக்கோடும் சொல் முடிந்த பிறகுதான். நடுவில் போட்டால் கை அறுந்துபோகும்.

பெரிய எழுத்துகளை இப்போது தொடாதே. பழைய பாணியில் பெரிய க்யூ 2 என்ற எண்ணைப் போலவே இருக்கும், நீயே குழம்புவாய். ஆர், எஸ், இசட் எல்லாம் பள்ளிக்குப் பள்ளி வேறு. மிஸ்ஸிடம் சார்ட் கேட்டு வாங்கு, உன் பாணியைத் திணிக்காதே.

இன்னொன்று. அவள் இடதுகைக்காரி. நோட்டை நமக்குச் சாய்ப்பதுபோல் இடப்பக்கம் சாய்க்காமல், மேல்முனை வலப்பக்கம் போகும்படி சாய்த்து வை. வலது கைக்கு மாற்று என்று அம்மா சொன்னால் சரி சரி என்று சொல்லிவிட்டு விட்டுவிடு.

போன் காலத்தில் இதெல்லாம் எதற்கு என்று கேட்டாய். அமெரிக்காவில் 2010-இல் வந்த பொதுப் பாடத்திட்ட வரையறையில் கர்சிவ் இல்லை. பிறகு கலிஃபோர்னியாவில் சட்டம் போட்டு, 2024 முதல் ஒன்றிலிருந்து ஆறாம் வகுப்புவரை திரும்பக் கொண்டுவந்தார்கள். அவர்களுக்கே தெளிவில்லை. எனக்குத் தெரிந்த காரணம் சின்னது. 1978-இல் தமிழ் எழுத்துச் சீர்திருத்தம் வந்த பிறகும் அப்பா யானைத் தும்பிக்கை போட்ட பழைய லைதான் எழுதினார், அவர் கடிதத்தைப் படிக்க என் பிள்ளைகள் திணறினார்கள். அவருடைய கணக்கு நோட்டு முழுக்க ஆங்கிலத்தில், கர்சிவில் இருக்கிறது. அதையாவது பாப்பா படிக்கட்டும். கையெழுத்து நன்றாக இருந்தால் தலையெழுத்து நன்றாக இருக்காது என்று சொல்லி அவர் உன்னைத் தேற்றியது ஞாபகம் இருக்கிறதா? அதை மட்டும் அவளிடம் சொல்லிவிடாதே.

தினம் பத்து நிமிஷம் போதும். சனிக்கிழமை வருகிறேன். நோட்டு நான் கொண்டுவருகிறேன், நீ உப்புமா கிண்டித் தீர்க்காமல் ஒரு கிண்ணம் ரவை எடுத்து வை.

அன்புடன்,
அக்கா