நுவரெலியாவின் 32.4

அன்பின் மச்சான்,

உன் கடிதம் கிடைத்தது. மகள் பள்ளிக்கூடம் போகத் தொடங்கிவிட்டாள் என்று வாசித்ததும் சந்தோசம். இங்கே அம்மா சுகம், கண் ஒபரேசனுக்குப் பிறகு திரும்பவும் பேப்பர் வாசிக்கிறார்.

இலங்கையின் சுகாதாரத்தை உலகமே மெச்சுகிறதே, பிறகு ஏன் எந்நேரமும் மாவட்டக் கணக்கைப் பிடித்துக்கொண்டு நிற்கிறாய் என்று கேட்டிருந்தாய். 2016 சனத்தொகை சுகாதார ஆய்வில் ஒரு அட்டவணை இருக்கிறது. ஐந்து வயதுக்குட்பட்ட பிள்ளைகளில் வயதுக்கேற்ற உயரம் இல்லாதவர்கள் நாடு முழுக்க 17.3 வீதம். அதோடு மூடி வைத்தால் பரவாயில்லை என்றுதான் தோன்றும். மாவட்ட வரிசையில் இறங்கி வா, நுவரெலியா 32.4. தோட்டத்துறை, அதாவது தேயிலை, இறப்பர் தோட்டங்களில் இருப்பவர்கள், என்று தனியாகப் போட்ட வரியில் 31.7. கிட்டத்தட்ட மூன்றில் ஒரு பிள்ளை, மச்சான். பிரித்துப் போட்டதால்தான் இது கண்ணில் படுகிறது.

ஆனால் எல்லோருக்கும் அப்படி ஒரு வரி கிடைக்கவில்லை. இந்த ஆய்வு 1987 இல் தொடங்கியது, 25 மாவட்டங்களையும் சேர்த்து எடுத்தது 2016 இல்தான் முதல் தடவை. 2006-07 இல் கூட வட மாகாணத்தின் ஐந்து மாவட்டங்களும் இல்லை. 2001 குடிசன மதிப்பு 18 மாவட்டங்களில்தான் முழுமையாக நடந்தது. 1981 க்குப் பிறகு நாடு முழுவதையும் எண்ணி முடித்தது 2012 இல். யுத்தம் நடந்தது, போக முடியவில்லை, சரி. ஆனாலும் முல்லைத்தீவையும் கிளிநொச்சியையும் விட்டுவிட்டு எடுத்த எண்ணை 'இலங்கை' என்று போட்டு எத்தனை பேர் எத்தனை இடத்தில் மேற்கோள் காட்டியிருப்பார்கள், நினைத்தால் இப்போதும் கோபம் வருகிறது. மோசமாக அடிபட்ட இடத்தைக் கழித்துவிட்டால் சராசரி அழகாகத்தானே வரும்? அந்த வன்னிப் பக்கத்துப் பிள்ளைகள் அன்றைக்கு எப்படி இருந்தார்கள், இன்றைக்கு எவ்வளவு தேறியிருக்கிறார்கள் என்று ஒப்பிட அந்த ஆய்வுகளில் எண் இல்லை.

அப்புறம், பிறப்பு இறப்புப் பதிவை எடுக்கலாமே என்பாய். மரணம் எங்கே நடந்ததோ அங்கேதான் அது பதிவாகும். நுவரெலியா மாவட்டத்து ஹட்டன் பக்கத் தோட்டக் குழந்தை ஒன்றை அம்புலன்ஸில் கண்டிக்கு அனுப்பி, அங்கே பெரியாஸ்பத்திரியில் அது இறந்தால் கண்டி மாவட்டக் கணக்கு ஏறும், நுவரெலியாவுக்கு ஒன்றும் ஏறாது. தாயின் நிரந்தர முகவரியை வைத்துத் திரும்பப் பிரித்தால் ஒழிய அந்த அட்டவணையை நம்பி ஒரு முடிவுக்கு வர முடியாது.

எனக்கு ஆற்றாமை எதில் என்றால், விபரம் இல்லாமலில்லை. ஊருக்குப் பொறுப்பான மருத்துவ மாது பிள்ளையைத் தராசில் வைத்து நிறுத்து, பிள்ளையின் சுகாதாரக் கொப்பியில் உள்ள வளர்ச்சி வரைபில் ஒரு புள்ளி போடுகிறார், புள்ளி பச்சைப் பட்டையை விட்டு இறங்கினால் தாயிடம் சாப்பாடு பற்றிக் கேட்கிறார், வீட்டுக்கும் போய்ப் பார்க்கிறார். இதெல்லாம் மாதாமாதம் எழுதப்படுகிறது. மேலே போகப் போகத் தோட்டமும் பக்கத்துக் கிராமமும் ரவுணும் ஒன்றாகக் கூட்டப்பட்டு ஒரே எண்ணாகிவிடுகிறது. லயத்து வரிசை வீட்டுத் தோட்டப் பிள்ளை எங்கே, ரவுண் பிள்ளை எங்கே? பெயர் விலாசம் எதுவும் வேண்டாம், பிரதேச செயலகப் பிரிவு வாரியாக, தோட்டம் தனி கிராமம் தனி என்று வெளியிட்டாலே போதும், எங்கே கூடுதலாக மாது வேண்டும், எங்கே திரிபோஷா சத்துமா போய்ச் சேரவில்லை என்று கேட்க ஒரு பிடி கிடைக்கும்.

2006-07 அறிக்கையின் பழைய பிரதி உன் கணினியில் இருந்தது என்று ஞாபகம். தேடி அனுப்பிவிடு, மலையக மாவட்டங்களை 2016 ஓடு வரிக்கு வரி வைத்துப் பார்க்க வேண்டும். சித்திரைக்கு வருவதென்றால் முன்கூட்டியே சொல்.

அன்புடன்,
உன் பழைய அறைத்தோழன்