புள்ளியைப் பார், பேரைப் பார்க்காதே

அன்புள்ள கண்ணம்மா,

நீ அனுப்பிய மூன்று மீன் படங்களும் கிடைத்தன. பிரவுன், ரெயின்போ, புரூக் என்று சரியாகவே எழுதியிருக்கிறாய். ஆனால் மூன்றையும் 'ட்ரவுட்' என்ற குளிர்நீர் மீன்வகையாக ஒரே கட்டத்துக்குள் போட்டுவிட்டாய். அங்கேதான் பிசகு. அவை மூன்றும் வேறு வேறு வீட்டுப் பிள்ளைகள்.

பிரவுன் ட்ரவுட் சால்மோ பேரினம். அட்லாண்டிக் சால்மனின் உடன்பிறப்பு. ரெயின்போ, ஆன்கோரிங்கஸ், பசிபிக் சால்மன்களின் கூட்டம். அதையும் 1989 வரை சால்மோவிலேயே வைத்திருந்தார்கள், அதனால் பழைய நூல்களில் 'சால்மோ கெய்ர்ட்னெரி' என்று கண்டால் அது இன்றைய ரெயின்போதான். உன் மூன்றாவது மீனான புரூக், சால்வெலினஸ் பேரினம்; அந்தப் பேரினத்து மீன்களைச் சார் மீன் என்பார்கள். 'ட்ரவுட்' என்பது பழக்கத்தில் ஒட்டிக்கொண்ட பேர். அதை வைத்து உறவு சொல்ல முடியாது.

அந்த மூன்றாவது படத்தைப் பெரிதாக்கிப் பார். உடல் கருமை, புள்ளிகள் வெளிர். சார் மீனுக்கு முதல் அடையாளம் இதுதான். மற்ற இரண்டிலும் வெளிர் உடலில் கரும்புள்ளி. பிரவுனில் சிவப்புப் புள்ளியும் உண்டு; அதைக் கண்டு ஏமாறாதே, பக்கத்தில் கரும்புள்ளி இருக்கிறதா என்று தேடு. அடுத்து மார்பு, வயிறு, குதத் துடுப்புகளின் முன்விளிம்பைப் பார்: சுண்ணாம்புக் கோடு இழுத்ததுபோல் வெள்ளை. புரூக்கில் அதை ஒட்டியே ஒரு கறுப்புக் கோடும் ஓடும். முதுகில் புழு ஊர்ந்த தடம்போல் வளைந்து நெளியும் கோடுகள் தெரிகின்றன அல்லவா? அவை முதுகுத் துடுப்பிலும் ஏறியிருக்கும். செதில் மிகப் பொடியாக இருப்பதால் தடவினால் செதிலே இல்லாததுபோல் தோன்றும்.

கடலுக்குப் போய்த் திரும்பும் சார் மீனிடம் இந்த நிற அடையாளங்கள் கைவிட்டுவிடும். உடம்பெல்லாம் வெள்ளி பூசி, புள்ளி மங்கிப்போயிருக்கும். அப்போது வாயைத் திற. மேல் அண்ணத்தின் நடுவே வோமர் என்ற எலும்பு நீளவாக்கில் கிடக்கும். சார் மீனுக்கு அதன் தலைப்பகுதியில் மட்டுமே பல். பிரவுனுக்கும் ரெயின்போவுக்கும் அதன் பின்னே நீளும் தண்டிலும் பல் இருக்கும். விரல் நுனியை முன்னிருந்து பின்னே நகர்த்தினாலே புரிந்துவிடும். திரும்ப விடப்போகும் மீனில் மட்டும் இதைச் செய்யாதே.

லேக் ட்ரவுட்டும் சார் மீனே, அந்தப் பேரினத்திலேயே மிகப் பெரியது. வால் ஆழமாகப் பிளந்திருக்கும், சிவப்புப் புள்ளி இராது. சுமார் 10 டிகிரி செல்சியஸ் நீரை நாடுவதால் கோடையில் ஏரியின் ஆழத்துக்கு இறங்கிவிடும். மற்றவை சரளைக்கல்லில் வாலால் குழி பறித்து முட்டையிடும். இது குழி பறிக்காது, பாறை இடுக்குகளில் உதிர்த்துவிட்டுப் போய்விடும். இடுக்கில் வண்டல் படிந்தால் முட்டை மூச்சுத் திணறிச் சாகும்.

பிரவுனும் புரூக்கும் கலந்து பிறப்பது டைகர் ட்ரவுட். பிரவுனுக்குக் குரோமோசோம் 80, புரூக்குக்கு 84. குட்டி பெரும்பாலும் மலடு. லேக்கும் புரூக்கும் சேர்ந்து பிறக்கும் ஸ்பிளேக் மீனோ இனம் பெருக்கும், இரண்டும் ஒரே பேரினம் என்பதால். நீ போட்ட கட்டம் ஏன் தப்பு என்பதற்கு இதைவிட நல்ல சாட்சி இல்லை.

நீ மிகவும் கவனிக்க வேண்டியது புல் ட்ரவுட். 1978 வரை டாலி வார்டன் என்ற இன்னொரு சார் மீனோடு ஒன்றாகவே எண்ணப்பட்ட சார் மீன் அது. அமெரிக்காவில் 1999 முதல் அலாஸ்கா, ஹவாய் நீங்கலான மாநிலங்கள் முழுவதிலும் அருகிவரும் இனமாகப் பாதுகாக்கப்படுகிறது. புரூக்கிலிருந்து பிரித்தறிய முதுகுத் துடுப்பைப் பார்: கறுப்புக் குறி ஒன்றுகூட இல்லையென்றால் அது புல் ட்ரவுட், உடனே நீரில் விடு. வெளியிலிருந்து கொண்டுவந்து விட்ட புரூக் உள்ள ஓடைகளில் இரண்டும் கலந்துவிடும், அந்தக் கலப்பு மீனின் துடுப்பில் மங்கலான கறை மட்டும் இருக்கும். அப்படிச் சந்தேகம் வந்தாலும் விட்டுவிடு. தொடுவதற்கு முன் கையை நனைத்துக்கொள். உலர்ந்த கை பட்டால் உடம்பின் வழவழப்புப் பூச்சு போய்விடும், பூஞ்சை பிடிக்கும்.

அடுத்த முறை படம் எடுக்கும்போது முதுகுத் துடுப்பை விரித்துப் பிடித்து எடுத்து அனுப்பு.

அன்புடன்,
அப்பா