சாண்டர் விற்கும் நிறுவனங்களுக்கு: அந்த அடாப்டரைப் பெட்டிக்குள்ளேயே வையுங்கள்

இந்தியாவில் மரவேலை மின்கருவிகளைத் தயாரித்தும் இறக்குமதி செய்தும் விற்கும் நிறுவனங்களின் பொறுப்பாளர்களுக்கு,

வணக்கம்.

உங்களில் ஒருவருடைய ஆர்பிட்டல் சாண்டரை, அதாவது உப்புத்தாள் வட்டைச் சுழற்றி மரத்தைத் தேய்க்கும் மெஷினைச் சமீபத்தில் வாங்கினேன். பெட்டிக்குள் மெஷின், 125 மி.மீ. உப்புத்தாள் வட்டு ஒன்று, பின்னால் மாட்டிக்கொள்ள ஒரு துணிப்பை, ஒரு கையேடு. கையேட்டில் உள்ள படத்தில் மெஷினின் தூசி வாய்க்கும் வாக்குவம் கிளீனர் ஹோஸுக்கும் நடுவே ஒரு பிளாஸ்டிக் அடாப்டர் இருக்கிறது. அதற்குப் பாகம் எண்கூடக் கொடுத்திருக்கிறார்கள். பெட்டியில்தான் அது இல்லை.

வாங்கிய கடையில் கேட்டேன். "அதெல்லாம் யாரும் கேக்கறதில்லீங்க சார், அதான் பை குடுத்திருக்காங்கல்ல" என்றார் கடைக்காரர். சர்வீஸ் சென்டரில் அந்த எண்ணைக் கணினியில் தட்டிப் பார்த்துவிட்டு, "இது இந்தியாவுக்கு சப்ளை இல்லைங்க" என்றார்கள். வாடிக்கையாளர் சேவைக்கு எழுதினேன். உங்கள் கருத்து உரிய துறைக்கு அனுப்பப்பட்டுள்ளது என்று பதில் வந்தது. அதற்குப் பிறகு எந்தத் துறையிலிருந்தும் ஒரு வரிகூட வரவில்லை. அதனால்தான் பொதுவில் எழுதுகிறேன்.

கேட்பது ஒன்றே ஒன்று. சாண்டருக்கான வாக்குவம் அடாப்டரைப் பெட்டிக்குள்ளேயே வைத்து விற்றுவிடுங்கள்.

துணிப்பை எதைப் பிடிக்கும், எதை விட்டுவிடும் என்பது உங்கள் பொறியாளர்களுக்கு என்னைவிட நன்றாகத் தெரியும். கண்ணுக்குத் தெரிகிற மரத்தூள் பையில் தங்கிவிடும். கீழே விழுந்தால் கூட்டி அள்ளிவிடலாம். 10 மைக்ரானுக்கும் குறைவான நுண்தூசிதான் துணியின் இழைகளுக்கு நடுவே புகுந்து வெளியே வருகிறது. தலைமுடி ஏறக்குறைய 70 மைக்ரான் என்றால், இது எவ்வளவு நுண்ணியது என்று பார்த்துக்கொள்ளுங்கள். மணிக்கணக்கில் காற்றில் மிதக்கும், மூச்சோடு நுரையீரலின் அடி வரைக்கும் போகும். உலக சுகாதார நிறுவனத்தின் கீழ் இயங்கும் சர்வதேசப் புற்றுநோய் ஆய்வு முகமை, மரத்தூசியை மனிதருக்குப் புற்றுநோய் உண்டாக்கும் முதல் பிரிவுப் பொருள் என்று 1995-இலேயே வகைப்படுத்திவிட்டது. மூக்கிலும் அதை ஒட்டிய எலும்பறைகளிலும் வரும் புற்றுநோய் அது. பிரிட்டனில் வேலையிடக் காற்றில் ஒரு கனமீட்டருக்கு 3 மில்லிகிராமுக்கு மேல் கடின மரத்தூசி இருக்கக்கூடாது. அங்கே இதே மாதிரி மெஷின்களை விற்கும்போது இதையெல்லாம் மனதில் வைத்துத்தானே விற்கிறீர்கள்?

என் பட்டறை, வீட்டை ஒட்டிய கார் ஷெட். அடுக்களை ஜன்னல் அந்தப் பக்கம்தான் திறக்கும். அம்மாவுக்கு வீசிங் உண்டு. நான் என்95 முகக்கவசம் போட்டுக்கொண்டு வேலை செய்வேன். அது என்னை மட்டும்தான் காக்கும். அடுக்களையில் நிற்பவர் முகக்கவசம் போட்டுக்கொண்டா குழம்பு தாளிக்க முடியும்? தூசியை அது பிறக்கிற இடத்திலேயே உறிஞ்சி எடுப்பதுதான் வழி. அதற்காகத்தான் நுண்தூசியையும் பிடிக்கும் ஹெப்பா ஃபில்டர் போட்ட வாக்குவம் ஒன்றைத் தனியாகக் காசு போட்டு வாங்கி வைத்திருக்கிறேன். இரண்டும் அக்கம்பக்கமாக நிற்கின்றன; இரண்டையும் சேர்க்கத்தான் வழியில்லை. சாண்டரின் வாய் வட்டமாக இருந்தாலாவது ஏதாவது செய்யலாம். முட்டை வடிவத்தில் இருக்கிறது, உள்ளே போகப் போகக் குறுகுகிறது.

சைக்கிள் டியூபை வெட்டி வாயில் சுற்றி, அதன்மேல் ஹோஸை ஏற்றி, கிளாம்ப் போட்டு முறுக்கினேன். தங்கைக்காகப் பழைய தேக்கு ஊஞ்சல் பலகை ஒன்றைத் தேய்த்துக்கொண்டிருந்த சமயம். இவ்வளவு அகலமான பலகையை மட்டம் கெடாமல் தேய்ப்பது எப்படி என்பது இந்த வேலை தெரிந்தவர்களுக்குத் தெரியும். பலகை முழுக்கப் பென்சிலால் குறுக்கும் நெடுக்குமாகக் கோடு போட்டு, கோடு எல்லா இடத்திலும் ஒரே சீராக மறையும் வரை 80-ஆம் நம்பர் உப்புத்தாள் (நம்பர் கூடக் கூடத் தாள் நைசாகும்). தூசியைத் துடைத்துவிட்டு மறுபடி கோடு, 120. பிறகு 180, கடைசியில் 220. ஒவ்வொரு கட்டத்திலும் ஸ்டீல் ஸ்கேலை விளிம்பால் நிறுத்தி, அடியில் வெளிச்சம் தெரிகிறதா என்று பார்க்க வேண்டும். மெஷினை அழுத்தவே கூடாது. அதன் எடை போதும். 180-இல் போய்க்கொண்டிருக்கும்போது, நிமிடத்துக்கு 12,000 சுற்று அதிர்வில் டியூப் நழுவியது, ஹோஸ் கழன்று தொங்கி மெஷினைப் பின்னுக்கு இழுத்தது, வட்டு ஒட்டியிருக்கும் தட்டு ஒரு பக்கம் சாய்ந்து விளிம்பால் மரத்தைக் கடித்தது. பலகையின் நடுவில் பிறை வடிவில் ஒரு பள்ளம். பள்ளத்தை மட்டும் தேய்த்தால் அந்த இடம் குழிந்துவிடும் என்பதால் பலகை முழுவதையும் மறுபடி 80-இலிருந்து இறக்க வேண்டியதாயிற்று. தேய்ந்து போன மரத்தை யார் திருப்பிக் கொடுக்கப்போகிறார்கள்?

தூசியை உடல்நலப் பிரச்சினை என்று மட்டும் பார்த்து, பாதுகாப்புப் பக்கத்தில் இரண்டு வரி அச்சடித்துவிட்டு நீங்கள் ஒதுங்கிக்கொள்ள முடியாது. வேலையின் சுத்தமும் அதில்தான் இருக்கிறது. தேக்கில் எண்ணெய்ப் பசை அதிகம். தூசி உடனுக்குடன் வெளியேறாவிட்டால் தாளில் கட்டி கட்டியாகப் பிடித்துக்கொள்ளும், அந்தக் கட்டியே மரத்தில் பன்றிவால் மாதிரி சுருள் சுருளாகக் கீறும். தேய்க்கும்போது அது கண்ணில் படாது. முதல் கை பாலிஷ் போட்டதும் பலகை முழுக்கத் தெரியும். தட்டில் எட்டுத் துளை போட்டிருப்பதே தூசியை மேலே இழுக்கத்தானே? இழுக்க ஆள் இல்லாமல் துளை மட்டும் போட்டு என்ன பயன்? வாக்குவம் சரியாகச் சேர்ந்திருந்தால் ஒரு வட்டு பலமடங்கு நேரம் உழைக்கிறது, கீறலும் ஒரே சீராக விழுகிறது. உங்கள் மெஷின் நன்றாக வேலை செய்ய வேண்டும் என்ற அக்கறையிலும்தான் கேட்கிறேன்: அடாப்டரைப் பெட்டிக்குள் வையுங்கள்.

யாரும் கேட்பதில்லை என்று கடைக்காரர் சொன்ன பதிலைப் பற்றியும் ஒன்று சொல்லியாக வேண்டும். எனக்காவது இது மாலை நேரத்து வேலை. இங்கே கட்டி முடிகிற ஒவ்வோர் அடுக்ககத்திலும் உள்வேலைக்கு வரும் ஆசாரிகள், ஜன்னலைச் சாத்திய அறைக்குள் காலையிலிருந்து இருட்டும் வரை எம்டிஎஃப் பலகையையும் (மரநாரைப் பசையோடு சேர்த்து அழுத்திச் செய்வது) பிளைவுட்டையும் தேய்க்கிறார்கள். எம்டிஎஃப் தூசி மைதா மாவைவிட நைசாக இருக்கும். அதில் பசையிலுள்ள ஃபார்மால்டிஹைடு என்ற நச்சு ரசாயனமும் சேர்ந்திருக்கிறது. மூக்கில் ஒரு கர்ச்சீஃப், அவ்வளவுதான் பாதுகாப்பு. "ராத்திரி மூக்கச் சிந்துனா மரக்கலர்லதாங்க வரும், பழகிப்போச்சு" என்று எங்கள் தெருவில் வேலை செய்த ஓர் ஆசாரி சொன்னார். இன்னொரு வேலை அதைவிட மோசம். பழைய வீட்டு ஜன்னல்களுக்குப் புது பெயின்ட் அடிக்கும் முன்பு பழைய எனாமலைச் சாண்டரால் தேய்த்து எடுக்கிறார்கள். வீட்டு பெயின்டில் ஈயம் 90 பிபிஎம்முக்கு (பத்து லட்சத்தில் 90 பங்குக்கு) மேல் இருக்கக்கூடாது என்ற விதி இந்தியாவில் நடைமுறைக்கு வந்ததே 2017 நவம்பரில்தான். அதற்கு முன்னால் அடித்த எந்த பெயின்டிலும் எவ்வளவு ஈயம் இருக்கும் என்று சொல்ல முடியாது. அது தூளாகி வீட்டுக்குள் பறக்கிறது, குழந்தைகள் தவழும் தரையில் படிகிறது. இதையெல்லாம் செய்கிறவருக்கு அந்த அடாப்டர் என்று ஒரு பொருள் இருப்பதே தெரியாது. நீங்கள் இங்கே காட்டவே இல்லையே, பிறகு அவர் எப்படிக் கேட்பார்? உங்கள் கையேட்டை எடுத்துப் பார்த்தேன். ஐரோப்பிய மொழிகள் அத்தனையும் இருக்கின்றன. தமிழ் இல்லை, இந்திகூட இல்லை. இந்த நாட்டில் இந்த மெஷினைக் கையில் பிடிப்பவர் யார் என்று யாராவது ஒருநாள் யோசித்திருந்தால் அந்தக் கையேடு இப்படி இருந்திருக்காது.

கோபம் வந்துவிடுகிறது, பொறுத்துக்கொள்ளுங்கள். கோரிக்கைக்கே வருகிறேன். வாக்குவம் வாங்கித் தாருங்கள் என்று கேட்கவில்லை, விலையைக் குறைக்கச் சொல்லவில்லை. உள்ளங்கைக்குள் அடங்குகிற ஒரு பிளாஸ்டிக் துண்டு. அச்சு உங்களிடம் இருக்கிறது, வேறு நாடுகளுக்குப் போய்க்கொண்டும் இருக்கிறது. பெட்டியில் வைப்பதால் விலை கொஞ்சம் கூடும் என்றால் கூட்டிக்கொள்ளுங்கள், தருகிறோம்.

அதுவும் உடனே முடியாது என்றால், தூசி வாயின் உள்ளளவு, வெளியளவு, சரிவு எல்லாவற்றையும் மில்லிமீட்டரில் பெட்டியின்மேல் அச்சிடுங்கள். கோயம்புத்தூரில் லேத்துக்குப் பஞ்சமில்லை. இங்கே கணபதி பகுதியில் ஏதாவது ஒரு பட்டறையில் கொடுத்து நாங்களே கடைந்துகொள்வோம். கூடவே, துணிப்பை நுண்தூசியைப் பிடிக்காது என்பதைத் தமிழிலும் மற்ற இந்திய மொழிகளிலும் பெட்டியில் பெரிதாகப் போடுங்கள். கையேட்டில் ஆங்கிலத்தில் சொல்லியாகிவிட்டது என்று விட்டுவிடாதீர்கள்.

தீபாவளி விற்பனைக்கென்று நீங்கள் இறக்கப்போகும் அடுத்த லாட்டிலிருந்தாவது சாண்டர் பெட்டிக்குள் அந்த அடாப்டர் இருக்க வேண்டும் என்று பணிவோடு கேட்டுக்கொள்கிறேன். ஏற்கெனவே வாங்கியவர்களுக்கு சர்வீஸ் சென்டர்களில் அதைக் காசுக்காவது கிடைக்கச் செய்யுங்கள். எந்த மாதத்திலிருந்து கிடைக்கும் என்று பெயர் போட்டு ஒருவர் பதில் எழுதினால், எனக்குத் தெரிந்த ஆசாரிகள் அத்தனை பேரிடமும் நானே எடுத்துச் சொல்கிறேன்.

இப்படிக்கு,
வீட்டுப் பட்டறையில் மரவேலை செய்யும் உங்கள் வாடிக்கையாளர்,
கோயம்புத்தூர்